வட்டமாகிப்போன ராக்கெட்டுகள்: காட்பாடி கடை ஒன்றின் ஸ்ட்ரிங்கிங் மெஷின் பற்றிய நிகழ்வு ஆய்வு

காட்பாடியில் ஒரு சிறிய விளையாட்டுச் சாமான் கடை. கல்லூரிப் பசங்களும், மாலையில் ஷட்டில் ஆடும் டாக்டர்களும் பேங்க் ஊழியர்களும்தான் வாடிக்கை. அங்கே நரம்பு மாற்றிக்கொண்டு போன ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லோருக்கும் ஒரே புகார்தான்: தலைப்பகுதி வட்டமாகிவிட்டது. ஒரே மாடலில் இரண்டு ராக்கெட் வைத்திருந்த ஒருவர், ஒன்றின் மேல் ஒன்றை வைத்தே காட்டிவிட்டார். இங்கே நரம்பு போட்டது உயரத்தில் குட்டையாகவும் இடுப்பில் அகலமாகவும் இருந்தது. கடைக்காரர் அதற்கும் சமாதானம் சொல்லி அனுப்பினார். பிறகு ஒரு நாள், குறுக்கு நரம்பு போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு ராக்கெட், தலையைக் கடிகார முகமாக நினைத்தால் 2 மணி வரும் பக்கம், 'டப்' என்று விட்டுவிட்டது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, நான் 24தான் போட்டேன். 24க்கே உடையுதுன்னா பேட்டு டூப்ளிகேட்டுதானே?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நரம்பை இழுக்கும் விசையைத்தான் டென்ஷன் என்பார்கள்; 24 பவுண்டு இன்றைய ஃபிரேம்களுக்குப் பெரிய டென்ஷன் இல்லை. அவருடைய இன்னொரு சந்தேகம் வெயில். மே மாதம் வேலூரில் வண்டியின் பின்னால் ராக்கெட்டைக் கட்டிக்கொண்டு அலைந்தால் ஃபிரேம் வளைந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் முதலில் தளர்வது நரம்புதான். 42 டிகிரிக்கெல்லாம் கிராஃபைட் ஃபிரேம் இளகி உருமாறிவிடாது. டூப்ளிகேட்டாக இருந்தாலும், வேறு வேறு கம்பெனி ராக்கெட்டுகள் எல்லாம் ஒரே விதமாக வட்டமாகாது. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது அவருடைய மேஜை மேல் இருந்த, நரம்பு போடும் மெஷின் மட்டுமே.

அந்த மெஷின் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கைப்பிடியைச் சுற்றி இழுக்கும் வகை, டென்னிஸுக்கும் ஷட்டிலுக்கும் பொது, ஆறு இடத்தில் பிடிப்பது. 12 மணிக்கு ஒன்று, 6 மணிக்கு ஒன்று என இரண்டு தூண்கள் ஃபிரேமை உள்பக்கமிருந்து வெளியே தள்ளித் தாங்கும். ஒவ்வொரு தூணிலிருந்தும் இரண்டிரண்டாகக் கிளம்பும் நான்கு கைகள் தோள்பட்டைகளை வெளியிலிருந்து அணைக்கும். டென்ஷன் காட்டும் ஸ்பிரிங் தராசை வைத்து முதலில் இழுப்பைச் சோதித்தேன். 24 வைத்தால் 24 காட்டியது. மெஷின் கூடுதலாக இழுக்கிறது என்ற சந்தேகம் அங்கேயே தீர்ந்தது. மிச்சம் இருந்தது, அது ராக்கெட்டைப் பிடிக்கும் விதம்.

ஃபிரேமின் மேல் விழும் சுமையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் அடுத்து வரும் எதுவும் புரியாது. பொதுவாக ஒரு ஷட்டில் ராக்கெட்டில் 22 மெயின் நரம்பு, அதாவது நீளவாக்கில் ஓடும் நரம்பு, போகும். ஒவ்வொன்றையும் 24 பவுண்டுக்கு இழுத்தால் கூட்டுத்தொகை 528 பவுண்டு, ஏறக்குறைய 240 கிலோ. நம் வேலூர் சத்துவாச்சாரி பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கியது 179 கிலோ. அதைவிட அதிகமான இழுப்பு, 85 கிராம் சுமாரில் இருக்கும் ஒரு ஃபிரேமின் உச்சியையும் கழுத்தையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டிருக்கிறது. நரம்பு போகும் துளைகளில் இருக்கும் பிளாஸ்டிக் குழலான குரோமெட்டின் உராய்விலும், கட்டிய பின் நரம்பு தளர்வதிலும் கொஞ்சம் குறையும். ஆனாலும் அது பெரிய சுமைதான். கிராஸ், அதாவது குறுக்கு நரம்புகள் முழுவதும் ஏறிய பிறகு இரண்டு திசை இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். ஆபத்து நடுவில்தான்: மெயின் முடிந்து, கிராஸ் ஏறாமல் இருக்கும் அந்தச் சமயத்தில் மொத்தச் சுமையையும் 12 மணித் தூணும் 6 மணித் தூணும்தான் தாங்க வேண்டும். அவை அசைந்தால் தலை குட்டையாகும், இடுப்பு வெளியே பிதுங்கும். பிறகு எவ்வளவு கிராஸ் போட்டாலும் போன நீளம் முழுதாகத் திரும்பாது. ஏனென்றால் அந்த மெயின்களெல்லாம் ஏற்கனவே குட்டையான தலைக்குள் கட்டப்பட்டுவிட்டன.

அதனால் மெஷினில் எதையும் தொடுவதற்கு முன் அளந்தேன். ஷட்டில் விதிப்படி நரம்புப் பரப்பு 280 மி.மீ. நீளத்தையும் 220 மி.மீ. அகலத்தையும் தாண்டக் கூடாது. ஆகவே ஒரு 300 மி.மீ. வெர்னியர் அளவுகோல் இருந்தால் எந்த ராக்கெட்டையும் உள்ளளவு எடுத்துவிடலாம். கடைக்காரரின் சொந்தப் பழைய ராக்கெட் ஒன்றை வாங்கி, நரம்பை நடுவிலிருந்து மெயினும் கிராஸுமாக மாற்றி மாற்றி வெட்டி எடுத்து, வெறும் ஃபிரேமின் நீள அகலத்தை ஒரு அட்டையில் குறித்தேன். "நீங்க எப்பவும் மாட்டுற மாதிரியே மாட்டுங்கண்ணா, நான் பக்கத்துல நிக்கறேன்" என்றேன்.

அவர் முதலில் நான்கு பக்கக் கைகளையும் ராக்கெட் ஆடாமல் நிற்கும்வரை திருகினார். அதன் பிறகுதான் தூண்களை நகர்த்தி உள்ளே முட்டக் கொடுத்தார். கடைசியில் ராக்கெட்டை ஆட்டிப் பார்த்தார், கொஞ்சம் அசைந்தது. உடனே பக்கக் கைகளை இன்னும் ஒரு முறுக்கு. இந்த நிலையிலேயே அளந்தேன். வெறும் ஃபிரேமைவிட அகலம் 1 மி.மீ. குறைந்திருந்தது, நீளம் 1 மி.மீ. கூடியிருந்தது. ஒரு நரம்புகூட ஏறவில்லை, அதற்குள் ஃபிரேம் உருமாறிவிட்டது! பக்கத்தில் நெருக்கினால் வளையம் நீளத்தானே செய்யும். நீண்டதும் 12 மணித் தூணுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது. பார்வைக்குத் தூண் முட்டிக்கொண்டிருப்பது போலத்தான் தெரியும். கிழித்த டவுன் பஸ் டிக்கெட் ஒன்றை உள்ளே விட்டேன், தடையே இல்லாமல் மறுபக்கம் வந்தது.

மெயின் முழுவதும் போட்ட பிறகு வெறும் ஃபிரேமைவிட நீளம் 4 மி.மீ. குறைந்து, அகலம் 3 மி.மீ. கூடியிருந்தது. கிராஸும் முடித்து மெஷினிலிருந்து எடுத்தபோது நீளக் குறைவு 2½, அகலக் கூடுதல் 2. ராக்கெட்டை வெளியே எடுக்கவே கஷ்டமாக இருந்தது, பக்கக் கைகள் விடமாட்டேன் என்றன. நல்ல பிடிப்பில் இதற்கு நேர் எதிராக நடக்கும்: கடைசிக் கிராஸ் ஏறும்போது பக்கக் கைகள் தானாகவே தளர்ந்து நிற்கும். ராக்கெட் எப்படி வெளியே வருகிறது என்பதே ஒரு சோதனை. வாடிக்கையாளர் புகார் கொண்டுவரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கூட 1 இருந்தது, குறைய 4 ஆனது. ஆக மெயின் போடும்போது ஃபிரேம் 5 மி.மீ. சுருங்கியிருக்கிறது. இந்த 5 மி.மீ. எங்கே போனது என்று கணக்குத் தீர்ப்பதுதான் இந்த ஆய்வு. 1 மி.மீ. ஏற்கனவே தெரியும், பக்கக் கைகளை முறுக்கியதால் விழுந்த இடைவெளி. மீதி 4.

அடுத்த முறை மாட்டும்போது 12 மணித் தூணின் அடியிலிருந்து அது நகரும் தண்டவாளம்வரை நேராக ஒரு பென்சில் கோடு இழுத்தேன். தூண் நகர்ந்தால் கோடு உடைய வேண்டும். நடு மெயின் இரண்டு, அடுத்து இடம் ஒன்று வலம் ஒன்று என்று ஏற ஏற நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நரம்புகள்வரை ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு ஆறாவது மெயின் இழுக்கும்போது மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் நடுவில் மயிரிழை அளவு பிசகல். கைப்பிடி ஒவ்வொரு முறை பூட்டும்போதும் அது சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது. மெயின் முடிந்தபோது பிசகல் முழுசாக 2 மி.மீ. அதே மாதிரி கோடு போட்ட 6 மணித் தூண் இம்மியும் அசையவில்லை.

கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயய்யோ, நான் நல்லா திருகித்தான் தம்பி வெச்சேன்" என்றார். அவர் திருகியது உண்மை. அடியில் இருந்த குமிழைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. போல்ட்டின் முனை தேய்ந்து குடை விரிந்திருந்தது. தண்டவாளத்தின் அடியில் கவ்வ வேண்டிய இரும்புத் தகடு நடுவில் குழிந்து, இரண்டு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் முழுக்க கிரீஸ். தூண் சுலபமாக நகரட்டும் என்று முன்பு வைத்திருந்தவர் பூசியிருக்கலாம். கவ்வும் இடத்துக்குக் கிரீஸ் போகவே கூடாது. இந்த மெஷினில் எண்ணெய் தேவைப்படுவது ராக்கெட்டைத் தாங்கிச் சுழலும் டர்ன்டேபிளின் பேரிங்குக்கும் இழுக்கும் செயினுக்கும்தான்.

மீதி 2 மி.மீ. தூண்களின் குஷனில் இருந்தது. மெஷினோடு வந்த குஷன்கள் வெடித்துப்போனதால் அவர் தோல் ஒட்டியிருந்தார். "தோலுதான் நம்மூர்ல சும்மா கிடைக்குதே" என்றார். கிடைக்கத்தான் செய்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று சுற்றிலும் தோல்தான். ஆனால் அவர் ஒட்டியிருந்தது ஷூவின் மேல்பக்கத்துக்குப் போடும் மெத்தென்ற தோல், இரண்டு மடிப்பாக. விரலால் அழுத்தினாலே அமுங்கியது. 12லும் 6லும் பக்கத்துக்கு 1 மி.மீ. அமுங்கினாலே கணக்கு நேராகிவிடுகிறது. ஃபிரேமின் பெயின்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவருடைய அக்கறை சரி. ஆனால் சுமை தாங்கும் இடத்தில் மெத்தென்ற எதையும் வைக்கக் கூடாது. பெயின்டில் ஒரு கோடு விழுந்தால் விளையாடலாம். தலை குட்டையானால் அந்த ராக்கெட் பழைய மாதிரி அடிக்காது.

இவை போக இன்னொரு கோளாறும் இருந்தது. அளவில் சின்னது, ஆனால் உடைந்த ராக்கெட்டுக்கு அதுதான் நெருக்கம். மேல் வலது கையின் குஷன் தேய்ந்து, ஃபிரேம் மற்ற மூன்று மூலைகளைவிட 1½ மி.மீ. தாழ்ந்து உட்கார்ந்தது. டர்ன்டேபிள் மேல் ஒரு ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி நான்கு தோளின் உயரத்தையும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூலை தாழ்ந்தால் ஃபிரேம் முறுகிய நிலையிலேயே சுமை ஏறும். இழுத்த நரம்பு தளராமல் பிடிக்கும் கிளாம்ப்பும் அதை முழுப் பல்லாலும் கவ்வாமல் ஒரு ஓரத்தில் மட்டும் கவ்வும், நரம்பு வழுக்கும். வழுக்குகிறதே என்று கிளாம்ப்பை இன்னும் இறுக்கினால் 0.68 மி.மீ. நரம்பு நசுங்கும். இவரிடம் நரம்பு போட்டவர்கள் சீக்கிரம் அறுந்துபோகிறது என்று சொன்னதற்கும் இதுவே காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

இனி அந்த உடைந்த ராக்கெட். கடைக்காரர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது பெரிய உதவி. 2 மணி இடத்தில் பிளந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிதாக உடைந்த நார் சுத்தமாக, கூர்மையாக இருக்கும். இதில் வெளி விளிம்பையொட்டி ஒரு பகுதி மங்கி அழுக்கேறியிருந்தது. அங்கே மேல் பெயின்டில் பழைய சிராய்ப்பும் இருந்தது. டபுள்ஸ் ஆடும்போது கூட்டாளியின் ராக்கெட்டோடு மோதியதில் ஏற்கனவே விரிசல் விட்டிருந்த ஃபிரேம் அது. முழுப் பழியும் மெஷின் மேல் இல்லை. அதே சமயம், அந்த விரிசலை முறுக்கியபடியே சுமை ஏற்றியது இந்த மெஷின்தான். மாட்டுவதற்கு முன்னால் 10 மணி, 2 மணி இடங்களில் நகத்தால் ஒருமுறை வருடிப் பார்த்து, நகம் தட்டினால் வாடிக்கையாளரிடம் அப்போதே காட்டிச் சொல்லிவிட வேண்டும். உடைந்த பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாததில் தப்பும் இல்லை.

சரிசெய்த விதம். தூணைக் கழற்றி, தகட்டையும் தண்டவாளத்தையும் தின்னர் வைத்துத் துடைத்தோம், துணியில் கறுப்பு வராத வரைக்கும். தகட்டைக் கண்ணாடி மேல் எமரி பேப்பர் விரித்துச் சமமாகத் தேய்த்தேன், குழி போகும்வரை. போல்ட் புதிது. தலைக்கடியில் கெட்டியான வாஷர். குஷன்களுக்கு ராணிப்பேட்டை லேத் பட்டறை ஒன்றில் நைலான் ராடிலிருந்து கடைந்து வாங்கினோம். ஃபிரேம் உட்காரும் முகம் தட்டையாக இல்லாமல் ஃபிரேமின் உள்வளைவுக்கு இசைந்து இருக்க வேண்டும் என்று அட்டையில் வெட்டிய மாதிரியைக் கொடுத்தேன். தட்டையான கட்டை வைத்தால் சுமை ஒரே புள்ளியில் விழுந்து அங்கே உள்ள குரோமெட் நசுங்கும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. முதல் ஜோடியில் வளைவு சரியாக வராததால் திருப்பிக் கொடுத்து மறுபடி கடையச் சொன்னோம். நான்கு பக்கக் கைகளுக்கும் ஒரே தடிமனில் ஒரே துண்டிலிருந்து வெட்டிய கெட்டியான செருப்பு அடித்தோல் போட்டோம். அங்கே சுமை குறைவு, தோல் போதும். உயரம் ஸ்கேலில் நான்கும் ஒன்றாக நின்றது.

பழுது பார்த்தது பாதிதான், கைப்பழக்கம் மாறினால்தான் மீதி. மாட்டும் வரிசையை அவரையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தேன். முதலில் 6 மணி, பிறகு 12 மணித் தூணை ஃபிரேமில் முட்டும்வரை கொண்டுவந்து, பஸ் டிக்கெட் உள்ளே போகாத அளவுக்கு நெருக்கிப் பூட்ட வேண்டும். தூணைக்கொண்டு ஃபிரேமை நீட்டவும் கூடாது, தொட்டு உறுதியாக நின்றால் போதும். அதன் பிறகுதான் பக்கக் கைகள். அவை ஃபிரேமைப் பிடிக்க வேண்டியதில்லை, தொட்டால் போதும். கைக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் வைத்த டிக்கெட் லேசான பிடிப்போடு உருவி வர வேண்டும். நான்கையும் சேர்த்த பிறகு 12 மணியில் மறுபடி ஒருமுறை டிக்கெட் சோதனை. அங்கே இடைவெளி விழுந்திருந்தால் பக்கக் கைகள் இறுகிவிட்டன என்று அர்த்தம், தளர்த்த வேண்டும். "அப்ப பேட்டு ஆடுமே தம்பி?" என்று கேட்டார். வெறும் ஃபிரேம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இரண்டு மூன்று மெயின் ஏறியதும் சுமையே அதைத் தூண்களில் அழுத்தி உட்கார வைத்துவிடும். ஆடுகிறதே என்று பக்கக் கைகளை முறுக்குவதுதான் இந்த மொத்தக் கதைக்கும் தொடக்கம்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னேன். மெயின் மட்டும் போட்ட ராக்கெட்டை, டென்னிஸ்காரர் அவசரமாக நிற்கிறார் என்பதற்காக மெஷினிலிருந்து இறக்கி வைக்கக் கூடாது. அந்த நிலையில் ஃபிரேமுக்குத் துணை அந்தத் தூண்கள் மட்டுமே. நரம்பு பாதியில் அறுந்தாலும் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு இறக்குவதே சரி.

அதே பழைய ராக்கெட்டில், அதே 24 பவுண்டில், கிராஸுக்கு வழக்கம்போல 2 பவுண்டு கூட்டி மறுபடி போட்டோம். மெயின் முடிந்தபோது பென்சில் கோடு உடையவில்லை. நீளம் 1 மி.மீ. குறைந்திருந்தது; ஃபிரேமே கொஞ்சம் வளையும், அது இயல்பு. கிராஸ் முடித்து எடுத்தபோது நீளத்திலும் அகலத்திலும் வித்தியாசம் அரை மி.மீ.க்குள். பக்கக் கைகள் தளர்ந்திருந்தன, ராக்கெட் ஒரு கையால் வெளியே வந்தது. கடைக்காரர் வெர்னியரைத் தானே வாங்கி இரண்டு தடவை அளந்து பார்த்துக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை 1 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல வேலை, 2 மி.மீ. தாண்டினால் அந்த மெஷினில் அடுத்த ராக்கெட்டை ஏற்றக் கூடாது. வட்டமாகிப்போன ராக்கெட்டுகளில் திரும்பக் கொண்டுவந்தவற்றை நரம்பை வெட்டி எடுத்துவிட்டு அளந்தோம். விரிசல் இல்லாதவை நரம்பு போனதும் ஓரளவு பழைய வடிவத்துக்கு வந்தன. அவற்றுக்கு அவர் காசு வாங்காமல் மறுபடி நரம்பு போட்டுக் கொடுத்தார்.

ஒரு குறை மட்டும் இன்னும் தீரவில்லை. இந்த மெஷினின் பக்கக் கைகள் டென்னிஸ் அளவு, கொக்கி அகலமானது. தலை சிறுத்த சில புது மாடல்களில் அது குரோமெட் துளையை மூடிக்கொள்கிறது. அந்தத் துளையில் நரம்பு கொக்கிக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சிக்கினால் உரசி அறுந்துவிடும். இப்போதைக்கு அந்த இடத்தில் நரம்பைக் கொக்கியின் மேலாக ஒதுக்கி எடுக்கும் வழியைக் காட்டியிருக்கிறேன், ஆனால் அது எல்லா மாடலுக்கும் ஒத்துவராது. ஷட்டிலுக்கென்றே வரும் ஒடுங்கிய கைகள் நான்கு ஆர்டர் போட்டிருக்கிறார். அவை வந்து, நான்கின் உயரத்தையும் ஸ்கேலில் பார்த்து, பழைய ராக்கெட்டில் ஒருமுறை முழுதாக அளந்து முடிக்கும்வரை அந்த மாடல்களை நரம்பு போட வாங்கி வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்; அவரும் வாடிக்கையாளர்களிடம் காரணத்தைச் சொல்லியே திருப்பி அனுப்புகிறார்.